அவள் பெயரில் ஒரு கையெழுத்து

ரிங்கோன், நியூ மெக்சிகோ
12 பிப்ரவரி 2006

அன்புள்ள ஓர்லிந்தாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம். முழங்கால் மட்டும் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. அங்கே மேரிலாந்தில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எனக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுத்தில் இருக்க வேண்டும். 1994 ஏப்ரலில் சாலையை அகலப்படுத்த வந்தவர்கள், நானும் என் தம்பி, உன் அப்பா எலோயும் வளர்த்த ஆப்ரிகாட் மரங்களில் முப்பத்தொன்றை வெட்டிச் சாய்த்தார்கள். பதினோரு மரங்களுக்குத்தான் விலை போட்டார்கள். மீதி இருபதும் 'காய்ப்பு நின்றவை' என்று எழுதினார்கள். வெட்டிய அன்று அந்த இருபதும் பூத்திருந்தன. வந்த காசோலையைத் திருப்பி அனுப்பினேன். பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டோம், வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள் என்றார்கள். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த இருபது மரங்களுக்கு விலை வரும்வரை நிலவரி கட்டுவதில்லை, அரசாங்கக் காகிதம் எதிலும் என் பெயரை எழுதுவதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடமாக எழுதவில்லை. இப்போது கடிதத்தின் அடியில் பெயரை எழுதும் பழக்கம்கூட விட்டுப்போயிற்று.

இதையெல்லாம் இன்று ஏன் எழுதுகிறேன் என்றால், செவ்வாய்க்கிழமை டை கட்டிய ஓர் இளைஞர் காரில் வந்தார். பெயர் ஹாஸ்கின்ஸ். உன் வேலை சம்பந்தமாக உன்னைப் பற்றி விசாரிக்க வந்தாராம். காபி கொடுத்தேன்.

“ஓர்லிந்தா எப்படிப்பட்டவங்க ஐயா?”

“தங்கம்.”

“குடிப்பாங்களா?”

“கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ். அதுவும் நான் ஊத்திக் குடுத்தாத்தான்.”

“கடன், வரி எல்லாம் ஒழுங்கா கட்டுவாங்களா?”

“தம்பி, எங்க குடும்பத்துல திருடனுக்கு யாரும் வரி கட்டறதில்ல. அப்படியே எழுதிக்க, ஒரு வார்த்தை மாத்தாத.”

அவர் எழுதிக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற போர்ஃபீரியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “கிழவா, அரசாங்கத்துக்கே பாடம் நடத்திட்டியே” என்றான்.

உனக்குப் பெருமையாக இருக்கும் என்று எழுதினேன். பெரியப்பாவின் ஆசி எப்போதும் உண்டு.

உன் தியோ


பால்டிமோர், மேரிலாந்து
24 பிப்ரவரி 2006

மதிப்பிற்குரிய தியோவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலுக்கு அந்த மருந்தைத் தேய்க்கிறீர்களா? குளிரில் வெளியே போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன்.

தியோ, அவர் சாதாரணமாக விசாரிக்க வந்தவர் இல்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களிடம் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. அந்த அறைக்குள் நுழைய இரகசியப் பணி அனுமதி வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதிதாகச் சோதிப்பார்கள். குடியைவிட, குடும்பச் சண்டையைவிட, அவர்கள் அதிகம் தோண்டுவது கடனையும் வரியையும்தான். கடன்பட்டவரை எவரும் விலைக்கு வாங்கிவிடலாம் என்பது ஒரு காரணம். வரி கட்டாமல் சட்டத்தை மதிக்காதவர் இரகசியத்தை மட்டும் மதிப்பாரா என்பது இன்னொன்று. அனுமதி போனால் வேலை போகும். பதினாறு வருடமாகக் கற்ற தொழிலை வேறெங்கும் செய்ய முடியாது. எனக்கு நாற்பத்தொரு வயது.

அப்பாவின் ஆஸ்பத்திரிக் கடனை ஐந்து வருடம் கட்டினேன், ஒரு தவணைகூடத் தவறவில்லை. வரி பாக்கி எதுவும் உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உண்மை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊரில் ஏதாவது காகிதத்தில் என் பெயர் இருக்கிறதா? இல்லை என்றால் 'இல்லை' என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

உங்கள் ஆசியை வேண்டும்,
ஓர்லிந்தா


ரிங்கோன்
19 மார்ச் 2006

அன்புள்ள ஓர்லிந்தாவுக்கு,

நலம். நீயும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. மருந்து தேய்க்கிறேன். நாற்றம் தாங்காமல் நாய் திண்டாடுகிறது.

பதில் தாமதமாகிவிட்டது. வாய்க்கால் தூர் வாரும் நாள் வந்தது. ஊரே மண்வெட்டியோடு இறங்கிற்று. போர்ஃபீரியோ இந்த வருடமும் வாய்க்கால் மேலாளர், அதனால் அவனைப் பிடிக்க முடியவில்லை. என்னைப் பார்த்து, “எழுபத்தாறு வயசுல உனக்கு எதுக்கு மண்வெட்டி? கரையில உக்காந்து சாபம் விடு, அது போதும்” என்றான். நான் என் பங்கு பன்னிரண்டு அடியையும் வாரி முடித்துவிட்டுத்தான் கரை ஏறினேன்.

சாலைத் துறைக்கு நான் எழுதிய நாற்பத்து மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லை. நகர நூலகத்தில் நிலம் எடுப்புச் சட்டத்தை மறுபடி படித்தேன். எனக்குத்தான் சட்டம் சாதகம்.

நீ கேட்டதற்கு: உன் பெயரில் இந்த ஊரில் நல்லது மட்டும்தான் இருக்கிறது.

மரங்கள் மொட்டு விட்டிருக்கின்றன. பனி விழாமல் இருக்க வேண்டும்.

உன் தியோ


பால்டிமோர்
2 ஏப்ரல் 2006

மதிப்பிற்குரிய தியோவுக்கு,

நான் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். எழுதிவிட்டேன்.

நேற்று முன்தினம் என்னை மறுபடி கூப்பிட்டார்கள். அதே ஹாஸ்கின்ஸ். சன்னல் இல்லாத அறை. மேசைமேல் ஒரு ஃபைலைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

“ரிங்கோன்ல உங்களுக்கு நிலம் இருக்கா மேடம்?”

“இல்ல. அது என் பெரியப்பாவோடது.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

அவர் ஃபைலைத் திருப்பவே இல்லை. விரலால் அதன்மேல் தட்டிக்கொண்டே இருந்தார். “பாதித் தோட்டம் 1998லேர்ந்து உங்க பேர்ல இருக்கு. ஆறாயிரத்துச் சொச்சம் டாலர் வரி பாக்கி. படிவத்துல 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். “தெரியாதா? உங்க கையெழுத்தே இருக்கே” என்றார்.

கையெழுத்தைக் காட்டவில்லை.

கடன் இருப்பதை மன்னிக்க வழி உண்டு தியோ. நோய் வந்தது, வேலை போயிற்று என்றால் கேட்பார்கள். கட்ட ஆரம்பித்துவிட்டால் அதையும் பார்ப்பார்கள். தெரிந்தே மறைத்தவருக்குத்தான் வழி கிடையாது. இப்போது என்னை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

'நல்லது மட்டும்தான்' என்று எழுதினீர்களே, அது என்ன நல்லது?

ஓர்லிந்தா


ரிங்கோன்
20 ஏப்ரல் 2006

அன்புள்ள ஓர்லிந்தாவுக்கு,

ஆண்டவர் உனக்குத் தெம்பு கொடுக்கட்டும். நான் நலம்.

நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். உன் அப்பா சாவதற்கு ஒன்பது நாள் முன்பு தன் பங்கை உன் பெயருக்கு எழுதினான். பத்திரத்தை என் கையில் கொடுத்து, “அண்ணே, பதிவு பண்ணிடு. அவகிட்ட சொல்ற நேரத்துல சொல்லு” என்றான். பதிவு செய்தேன். சொல்லும் நேரம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், சொல்ல எனக்குப் பயம். நீ தூரத்தில் இருக்கிறாய், விற்றுவிடுவாய் என்று நினைத்தேன். இந்த ஊரில் பெண்களுக்கு நிலம் இப்படித்தான் போகும். பெரியவர்கள் எழுதி வைத்துவிட்டு வாயைத் திறக்க மாட்டார்கள். ஒரு நாள் அழைத்துப்போய் எல்லைக் கல்லைக் காட்டுவார்கள். உனக்கும் அப்படி ஒரு நாளை வைத்திருந்தேன்.

வரி நோட்டீஸ் உன் பெயருக்கும் வந்தது, என் தபால் பெட்டிக்கு. பிரிக்காமல் மாவு டப்பாவில் போட்டு வைத்தேன். இதில் உன் தப்பு எதுவுமில்லை. அந்த ஆளிடம் இதைச் சொல்லிவிடு.

பதினாறாம் தேதி பனி விழுந்தது. பூவெல்லாம் கருகிவிட்டது. இந்த வருடம் காய் இல்லை.

உன் தியோ


பால்டிமோர்
28 மே 2006

மதிப்பிற்குரிய தியோவுக்கு,

இந்த மாதம் சான் இசித்ரோ திருநாளில் சிலையை வயல்களுக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். எனக்காகவும் வேண்டிக்கொண்டீர்களா?

காரணப் பட்டியல் வந்துவிட்டது. என்னை ஏன் நம்ப முடியாது என்று இரண்டு பக்கம். ஒன்று, வரி பாக்கி. இரண்டு, அதை வேண்டுமென்றே மறைத்தது. பதில் தர இருபது நாள்.

நீல அட்டையை வாங்கிக்கொண்டு சிவப்பு அட்டை கொடுத்திருக்கிறார்கள். என் அறைக்குள் நான் போகக் கூடாது. வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கையேடுகளுக்கு அட்டவணை தயாரிக்கிறேன். கழிப்பறைக்குப் போனாலும் ஒரு பெண் கூடவே வந்து கதவுக்கு வெளியே நிற்கிறாள். பன்னிரண்டு வருடம் என்னோடு சாப்பிட்ட ரோசலின் இப்போது வேறு நேரத்தில் சாப்பிடுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் அனுமதி இருக்கிறது, பயமும் இருக்கிறது.

பட்டியலோடு ஒரு நகல் வந்தது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். 2001 அக்டோபரில், நிலம் ஏலத்துக்குப் போகாமல் இருக்க, வரி பாக்கியைத் தவணையில் கட்டுவதாக ஓர்லிந்தா அர்ச்சிபெக்கே எழுதிக் கொடுத்த ஒப்பந்தம். மூன்று தவணை கட்டியிருக்கிறது, பிறகு இல்லை. கீழே என் பெயர்.

என் பெயரின் முதல் எழுத்தான 'O'வை நான் வெறும் வட்டமாகத்தான் போடுவேன். இதில் வட்டத்தின் தலையில் ஒரு சுருள் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பிறந்தநாள் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன்.

யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. நீங்கள் ஒரு முறை நகலைப் பாருங்கள்.

ஓர்லிந்தா


ரிங்கோன்
5 ஜூன் 2006

ஓர்லிந்தாவுக்கு,

நலம். நகலைப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. நகலில் எதை வேண்டுமானாலும் காட்டலாம். இருபது பூத்த மரங்களைப் பட்ட மரங்கள் என்று எழுதியவர்களுக்கு ஒரு கையெழுத்து பெரிய காரியமா?

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாளாக ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. போர்ஃபீரியோ போய்ப் பார்த்துவிட்டு, “கிழவா, அது மீன் பிடிக்க வந்தவன்” என்றான். இருக்கலாம். தூண்டிலை நான் பார்க்கவில்லை.

கவலைப்படாதே.


பால்டிமோர்
2 ஜூலை 2006

மதிப்பிற்குரிய தியோவுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தில் ஆசி இல்லை, 'உன் தியோ' என்றுகூட இல்லை. எழுத மறந்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பதில் அனுப்பிவிட்டேன். நீதிபதி முன்னால் விசாரணை, ஆகஸ்ட் 22, வாஷிங்டனில். மிஸஸ் ப்ரூயிட் என்று ஒரு வக்கீலை வைத்திருக்கிறேன். வீட்டுத் தவணைக்கு வைத்திருந்த பணத்தில் பாதி அவருக்குப் போயிற்று. நல்லவர், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

“இது உன் கையெழுத்து இல்ல. சரி, நம்பறேன். அப்ப யாரோடது?” என்று கேட்டார்.

“தெரியாது.”

“உன் தபாலெல்லாம் யார் கைக்குப் போச்சு?”

“பெரியப்பாவுக்கு.”

“அவர் போட்டிருப்பாரா?”

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது, தியோ. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, “அவர் அப்படிச் செய்யற ஆள் இல்ல. யார் போட்டதுன்னு எனக்குத் தெரியாது” என்றேன். அவர் அப்படியே தட்டச்சு செய்தார். உண்மை என்று உறுதிகூறி அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையால், சுருள் இல்லாமல்.

பதினாறு வருடத்தில் அவர்களிடம் நான் எழுதிக் கொடுத்த முதல் பொய் அது. அதுவரை என்மேல் இருந்தது ஒரு தவறான குற்றச்சாட்டு. இப்போது அது உண்மையாகிவிட்டது. விசாரணையில் அதையே வாயால் சொல்லச் சொல்வார்கள். சொல்வேனா, மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. அட்டவணையில் ஒரே வரியை இரண்டு முறை எழுதிவிடுகிறேன். கூட வரும் பெண் அதைப் பார்க்கிறாள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர்லிந்தா


பால்டிமோர்
24 ஜூலை 2006

தியோ,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. இதையெல்லாம் போனில் பேசப் பயம். ஆனாலும் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கப் போர்ஃபீரியோவைக் கூப்பிட்டேன். “உயிரோடதான் இருக்கான். யார்கிட்டயும் சண்டை போட மாட்டேங்கறான், அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

நீங்கள் எதுவும் எழுத வேண்டாம். நலம் என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதுங்கள்.

ஓர்லிந்தா


ரிங்கோன்
1 ஆகஸ்ட் 2006

மீஹா,

உன்னை இப்படி 'மகளே' என்று கூப்பிட்டு எத்தனை வருடமாயிற்று? உன் அப்பா போன பிறகு கூப்பிட்டதில்லை. இந்தக் கடிதம் உன்னைச் சுகமாகக் காணட்டும். என் ஆசியை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மறுபடி மறக்கக் கூடாது.

கையெழுத்து என்னுடையது.

2001இல் ஏல நோட்டீஸ் வந்தது. தவணைக்கு ஒப்புக்கொண்டால் நிறுத்தி வைப்பதாக வரி அலுவலகத்தில் ஒரு பெண் சொன்னாள். காகிதத்தைத் தள்ளினாள். என் பெயரை அதில் எழுதினால் சபதம் போகும். எழுதாவிட்டால் நிலம் போகும். “வீட்ல வச்சுப் போட்டுக் கொண்டாறேம்மா” என்று சொல்லி எடுத்து வந்தேன். என் பெயரை எழுத மனம் வரவில்லை, உன் பெயரை எழுதினேன். விறகு விற்று மூன்று தவணை கட்டினேன். பிறகு கோபம் வந்தது, நிறுத்திவிட்டேன். என் வீம்பைக் காப்பாற்ற உன் பெயரைச் செலவழித்திருக்கிறேன். இத்தனை வருடம் எனக்கு நடந்த அநியாயத்தை மட்டும் எழுதினேன். நான் செய்த அநியாயம் இது.

மற்றவர் கையெழுத்தைப் போடுவதற்கு என்ன தண்டனை என்று நூலகத்தில் படித்தேன். அந்தப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து வாசலில் எந்தக் கார் நின்றாலும் கதவைத் தாழிட்டுக்கொள்கிறேன். மூன்று வாரம் எழுதாததற்கு அதுதான் காரணம், முழங்கால் இல்லை. பிறகு உன் ஜூலைக் கடிதத்தை மறுபடி படித்தேன். எனக்காக நீ பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கடிகாரம் மனதை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை போர்ஃபீரியோ என்னை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனான். பன்னிரண்டு வருடமாகக் கிடந்த பதினோரு மரத்தின் பணத்தைக் கேட்டேன். வட்டியோடு ஏழாயிரத்து நூற்றைம்பது டாலர். குமாஸ்தா காகிதத்தை வைத்தாள். பேனா மேலே நிற்கிறது, எழுத்து வரவில்லை. “அவசரமில்ல ஐயா, மெதுவாப் போடுங்க” என்றாள். போர்ஃபீரியோ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். போட்டேன். அங்கிருந்து நேரே வரி அலுவலகத்துக்குப் போய் ஆறாயிரத்து இருநூற்றுப் பதினெட்டையும் கட்டிவிட்டேன். ரசீது இத்துடன் இருக்கிறது. திரும்பும் வழியில் போர்ஃபீரியோ ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இனி ஆக வேண்டியவை:

நீ, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த உடனே, வேறு எதுவும் செய்யாமல், மிஸஸ் ப்ரூயிட்டிடம் போக வேண்டும். 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தது பொய் என்று சொல்லித் திருத்தி எழுதித் தர வேண்டும். அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயாகச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தையும் படித்தேன். தானாகத் திருத்திக்கொண்டால் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். எடுத்துக்கொள்ளாமலும் போகலாம்.

மிஸஸ் ப்ரூயிட் என்னைச் சாட்சியாகச் சேர்க்க வேண்டும். இந்தக் கடிதத்தையும் நான் எழுதிய மற்றக் கடிதங்களையும், உன்னை ஏமாற்றிய வரிகள் உள்பட, நீதிபதியிடம் கொடுக்க வேண்டும்.

மாவு டப்பாவில் இருக்கும் நோட்டீஸுகளை நான் கொண்டுவருகிறேன். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. நீதிபதிதான் பிரிக்க வேண்டும்.

போர்ஃபீரியோ பதினெட்டாம் தேதி காலை என்னைப் பஸ் ஏற்றிவிட வேண்டும். வியாழக்கிழமை தோறும் என் முறைத் தண்ணீரை மரங்களுக்குத் திருப்ப வேண்டும். நான் திரும்பி வரும்வரை. வரத் தாமதமானாலும். நாய்க்கும் சோறு அவன்தான்.

விசாரணை முடிந்து, முடிவு எதுவானாலும், நீ ஒரு முறை இங்கே வந்து எல்லைக் கல்லைப் பார்க்க வேண்டும். நான் காட்ட முடியாவிட்டால் போர்ஃபீரியோ காட்டுவான். விற்பதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம்.

சாலைத் துறை மீதி இருபது மரங்களுக்கு விலை தர வேண்டும். அதை நான் விடப்போவதில்லை.

ஆனால் 22ஆம் தேதி நீதிபதி முன்னால் நான் மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. இதை எனக்கே எழுதிக்கொள்கிறேன். அவர் கேட்பதற்கு மட்டும் பதில். “இந்தக் கையெழுத்து யாருடையது?” என்றால், “என்னுடையது.” “இவருக்குத் தெரியுமா?” என்றால், “தெரியாது.” பிறகு அவர் காட்டும் இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இப்படி:

பெலார்மினோ அர்ச்சிபெக்கே